வேப்பெண்ணெயை நாங்கள் ஏன் கலக்கித் தருகிறோம்

எங்கள் யூனிட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இரண்டு பெண்கள் போன மாதம் சேலையூரில் என் வீட்டுக்கு வந்தார்கள். முழங்கால் ஒத்துழைக்காததால் ஐம்பத்தேழு வயதிலேயே வேலையை விட்டு நின்றவன் நான். பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவர்கள், கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார்கள்.

"சார், ஆன்லைன்ல எல்லாரும் வேப்பெண்ணெய பாட்டில்லதான் விக்கிறாங்க. நாம மட்டும் ஏன் கஸ்டமர் முன்னாடி சோப்புக் கரைசல்ல கலக்கிக் குடுக்குறோம்? மறுநாளே வீணாயிடுதுன்னு எங்கள திட்டுறாங்க. டீச்சரக் கேட்டா, ரத்தினம் சாரப் போய்க் கேளுங்கன்னு சொல்லிட்டாங்க."

எனக்குப் பேச வராது. சொல்ல ஆரம்பித்து நடுவில் நிறுத்திவிட்டேன். எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். பத்தாம் வகுப்பு வரை படித்தவன் எழுதுவது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் குரோம்பேட்டையில் ஒரு பெயிண்ட் கடையில் கலர் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கலக்கும் மெஷின் வந்ததும் எனக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்று. என் மனைவி துணி துவைக்கப் பூந்திக்கொட்டைப் பொடி வாங்கும் இடத்தில் ஆள் தேவை என்று கேள்விப்பட்டு என்னை அனுப்பினாள். அது இரும்புலியூரில் ஒரு பழைய வீடு. பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட கொட்டகை. எஸ்தர் டீச்சர் நடத்தினார். பள்ளியில் வேதியியல் நடத்திவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவர். வேலை செய்த மற்ற எல்லோரும் பெண்கள். அதில் பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வரும் சாந்திதான் என் ஜோடி. நான் காய்ச்சுவேன், அவள் வடிகட்டுவாள். இருவர் பேச்சையும் அவளே பேசிவிடுவாள்.

வேலை பழகச் சில மாதங்கள் ஆயின. பூந்திக்கொட்டையை விதை நீக்கி ஊறவைத்து, மறுநாள் மிதமான தீயில் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் பிசைந்து துணியில் வடிகட்ட வேண்டும். அவசரப்பட்டுச் சூட்டோடு பிசைந்தால் கசடு கூடவே வந்து சீக்கிரம் புளித்துவிடும். தரை துடைக்கும் திரவத்துக்கு வெல்லம் ஒரு பங்கு, எலுமிச்சை, சாத்துக்குடித் தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு. ஜூஸ் கடைகளில் சொல்லிவைத்துத் தோல் வாங்குவோம். முதல் மாதம் தினமும் டிரம் மூடியைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும். சாந்தி சேர்ந்த புதிதில் நாலு நாள் திறக்காமல் விட்டுவிட்டாள். மூடி கூரையில் போய் அடித்தது. சாத்துக்குடித் தோல் அவள் தலையெல்லாம். "பொங்க வெச்சாலும் சொல்லிட்டுப் பொங்கணும்ல, இது இன்னா டீச்சர் திருட்டுப் பொங்கலா பொங்குது?" என்றாள். டீச்சர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

டீச்சர் சத்தம் போடவே மாட்டார். ஆனால் இரண்டு விஷயங்களில் அவரை அசைக்க முடியாது.

ஒன்று, வாய்க்குள் போகும் பொருளும் தரைக்கும் செடிக்கும் போகும் பொருளும் ஒன்றோடொன்று சேரக் கூடாது. சுக்கு மல்லித் தூள், ஓம நீர் எல்லாம் வீட்டின் முன் அறையில். மற்றவை கொட்டகையில். கொட்டகையின் கரண்டி, புனல், வாளி எல்லாவற்றின் கைப்பிடியிலும் சிவப்பு நூல் சுற்றியிருக்கும். ஒருமுறை சிவப்பு நூல் கரண்டி சுக்குத் தூளுக்குள் போய்விட்டது. கழுவிக் காயவைத்த கரண்டிதான். டீச்சர் யார் போட்டது என்றுகூடக் கேட்கவில்லை. அரைத்த தூள் முழுவதையும் குப்பையில் கொட்டச் சொல்லி, "டீ குடிச்சிட்டு வாங்க, புதுசா அரைக்கலாம்" என்றார். அதன் பிறகு அந்தக் கரண்டி அறை மாறியதே இல்லை.

இரண்டாவது, எதை விற்றாலும் "எதுக்கு வாங்குறீங்க?" என்று கேட்க வேண்டும். டீச்சர் கேட்கும் விதம் தனி. பாட்டிலை மேசைமேல் வைத்து மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். பதில் வரும்வரை கையை எடுக்க மாட்டார். நாவலூரில் ஓர் அடுக்குமாடி வளாகத்தில் கடை போட்டிருந்தபோது ஓர் அம்மா ஐந்து லிட்டர் எலுமிச்சைத் திரவம் கேட்டார்.

"எதுக்கு?"

"ஹால் தொடைக்க."

"என்ன தரைம்மா?"

"மார்பிள்."

"அப்போ இது வேணாம். புளிப்பு பட்டா மார்பிளோட பளபளப்பு போயிடும். டைல்ஸா இருந்தா வாங்குங்க."

"நேச்சுரல்தானே மேடம் இது?"

"எலுமிச்சங்காயும் நேச்சுரல்தான். அதப் பிழிஞ்சு ஊத்தினாலும் போயிடும்."

அந்த அம்மா பூந்திக்கொட்டைக் கரைசல் வாங்கிக்கொண்டு போனார். இயற்கை என்ற சொல்லே டீச்சருக்குப் பிடிக்காது. எங்கள் பேனரில் அது பெரிய எழுத்தில் இருந்ததற்குக் காரணம், பிரின்டிங் கடைக்காரர் பச்சை இலைப் படத்தோடு அவராகச் சேர்த்து அடித்துவிட்டதுதான். காசு போட்டு அடித்ததைத் தூக்கிப் போட வேண்டாமென்று வைத்திருந்தோம்.

கேள்வி கேட்கும் இந்த வேலைதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. முன்பின் தெரியாதவரிடம் எதற்கு என்று கேட்க நாக்கு எழாது. கஸ்டமர் நிற்பார், நானும் நிற்பேன். சாந்தி பக்கத்திலிருந்து இடிப்பாள். "இன்னாண்ணா, வாய்ல பூந்திக்கொட்டைய போட்டுகினு கீறியா? நொர வர்றதுக்குள்ள கேளு." பிறகு பழகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாவது கேட்டுவிடுவேன்.

இனி வேப்பெண்ணெய்க்கு வருகிறேன்.

செடியில் மாவுப்பூச்சி, அசுவினி வந்தால் வேப்பெண்ணெய் தெளிப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி போதும். ஆனால் எண்ணெய் தண்ணீரில் கரையாது. முதலில் எண்ணெயில் சோப்புக் கரைசலைக் கலந்து, வெள்ளையாகத் திரளும்வரை அடித்து, அப்புறம்தான் தண்ணீர் சேர்க்க வேண்டும். சாயங்காலம் தெளிக்க வேண்டும். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். இதனால் வேப்பெண்ணெய் வாங்குகிறவர்கள் கூடவே பூந்திக்கொட்டைக் கரைசலும் வாங்குவார்கள், அல்லது வீட்டில் சோப்பு இருக்கிறது என்பார்கள். வெளிச்சம் பட்டால் எண்ணெய் கெடும் என்பதால் சிறிய பழுப்புக் கண்ணாடி பாட்டிலில் அடைத்து விற்றோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பெரும்பாக்கம் குடியிருப்பில், சாந்தியின் பிளாக்குக்கு எதிரில் வேப்பமர நிழலில் மேசை போட்டிருந்தோம். சாந்தி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தாள். உணவு டெலிவரி செய்கிறவர்கள் போடும் ஆரஞ்சு டீ-ஷர்ட்டில் ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். வேப்பெண்ணெய் பாட்டிலை எடுத்தான்.

"சார், இது ஒரிஜினலா? ஒண்ணும் கலக்கலியே?"

"செக்குல ஆட்டினது. ஒண்ணும் கலக்கல." டீச்சரைப் போல மூடிமேல் கை வைத்தேன். "எதுக்குப்பா?"

"செடிக்கு சார்."

"சோப்புக் கரைசல் வேணுமா?"

"வேணாம் சார். எண்ணெ மட்டும் போதும்."

கையை எடுத்தேன். போனில் பணம் அனுப்பிவிட்டு வேகமாகப் போய்விட்டான். அடுத்து வந்த அம்மா ரோஜாவுக்கு வேப்பெண்ணெய் கேட்டார். கேட்ட உடனே, "எதுலங்க கலக்கறது? தண்ணில மெதக்குதே" என்றார். அவருக்குக் கரைசலை ஊற்றிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பையன் எதில் கலக்கப் போகிறான்? ஒன்றும் கலக்காதது வேண்டும் என்று செடிக்கு யார் கேட்பார்கள்?

சாந்தி வந்ததும் சொன்னேன்.

"ஆரஞ்சு டீ-ஷர்ட்டா? நம்ம சதீஷு. எங்க பிளாக்குதான். அவன் வூட்ல ஏதுண்ணா செடி? துளசி கூட கெடையாது." சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "கைக்கொயந்த கீதுண்ணா அவனுக்கு. நாலு நாளா சளி, வயிறு உப்பசம்னு ரேவதி சொல்லிகினு இருந்தா."

எங்களுக்கு டீச்சர் முதலில் சொல்லிக்கொடுத்தவற்றில் ஒன்று, வேப்பெண்ணெய் கைக்குழந்தையின் வயிற்றுக்குள் போகக் கூடாது என்பது. மூளையைப் பாதிக்கும், வலிப்பு வரும், உயிரே போகலாம். பல வீடுகளில் வயிற்றுப் பூச்சிக்கும் சளிக்கும், குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையில் ஊற்றி ஒரு பாலாடை கொடுப்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்பதால் பயப்பட மாட்டார்கள்.

"ரெண்டாவது மாடி, படி ஏறினதும் லெஃப்ட். நீ ஓடுண்ணா. நான் ரேவதிக்குப் போன் அடிக்கிறேன், டியூட்டிக்குப் போயிருப்பா" என்றாள் சாந்தி.

ஓடினேன். கதவு திறந்துதான் இருந்தது. சதீஷ் தரையில் சம்மணம் போட்டு, மடியில் குழந்தையை வைத்து முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் எங்கள் பாட்டில், பாலாடை. பாலாடையில் எண்ணெய் பிசுக்கு மட்டும் மிச்சம் இருந்தது. டீ-ஷர்ட்டில் மஞ்சளாக ஒரு கறை.

"குடுத்துட்டியாப்பா?" என்றேன்.

திடுக்கிட்டுப் பார்த்தான். "யாரு சார் நீங்க? ஓ, கடையில... இன்னா சார், காசு வரலியா?"

"காசு வந்துச்சு. பாப்பாவுக்குக் குடுத்தியா?"

"ஒரு பாலாட. பாதி துப்பிடுச்சு. போன்ல ஒரு வீடியோல சொன்னாங்க, சளி எல்லாம் கரைஞ்சு வெளிய வந்துடும்னு."

"ஆகாதுப்பா. கொழந்தைக்கு அது விஷம். ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

அவனுக்குக் கோபம் வந்தது. பயத்தில் வந்த கோபம்தான்.

"வெஷமா? அப்புறம் எதுக்கு சார் விக்கிறீங்க? இயற்கைனு இவ்ளோ பெருசா போர்டு போட்டுகினு, டானிக் பாட்டில்ல ஊத்திக் குடுத்துட்டு, இப்ப வந்து வெஷம்ன்றீங்க?"

செடிக்கு என்று நீதானே சொன்னாய் என்று கேட்டிருக்கலாம். கேட்க இடமில்லை. குழந்தையைப் பார்த்தேன். நான்கு மாதப் பெண் குழந்தை. அழவில்லை. கண் பாதி மூடியிருந்தது. மூச்சு வேகமாக வாங்கியது.

"தூங்குது சார், இப்பதான் நிம்மதியா தூங்குது" என்றான் சதீஷ்.

"அது தூக்கம் இல்லப்பா. கூப்பிட்டுப் பாரு."

கூப்பிட்டான். பாதத்தைச் சுரண்டினான். கன்னத்தைத் தட்டினான். குழந்தை கண்ணைத் திறந்து உடனே மூடிக்கொண்டது. அவன் முகம் மாறியது. சட்டென்று குழந்தையைக் கவிழ்த்து வாய்க்குள் விரலை விடப் போனான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வாந்தி எடுக்க வைக்காதே. எண்ணெய், நுரையீரலுக்குப் போயிடும். தூக்கு, கீழ போலாம்."

யாருடைய கையையும் அப்படிப் பிடித்தவன் இல்லை நான். பாட்டிலையும் எடுத்துக்கொண்டேன். கீழே சாந்தி ஓர் ஆட்டோவை நிறுத்திவைத்திருந்தாள். "ரேவதி வந்துகினே கீறா. டீச்சருக்கும் சொல்லிட்டேன். ஏ சதீஷு, அழுவாத, தூக்கிப் பிடி கொயந்தைய, தல தொங்குது பாரு" என்று கத்தினாள். ஆட்டோ கிளம்பியது.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். குழந்தையைப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டே கேள்விகள் கேட்டார்.

"என்னாச்சு?"

"சளி மேடம்" என்றான் சதீஷ்.

"காய்ச்சல் இருந்துச்சா?"

"இல்ல மேடம்."

"கீழ விழுந்துச்சா? வீட்டு வைத்தியம் ஏதாவது குடுத்தீங்களா? எண்ணெய், கஷாயம்?"

"ஒண்ணும் குடுக்கல மேடம்."

அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். ஏன் அப்படிச் சொன்னான் என்று எனக்குப் புரிந்தது. அந்த அறையில் நாலு பேர் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். தப்பாக எதையும் செய்ய வேண்டும் என்று நினைத்தவனா அவன்? மனைவி வேலைக்குப் போன வீட்டில் குழந்தை மூச்சுக்குத் திணறுவதைப் பார்த்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தவன்.

டாக்டர் நர்ஸிடம் கிருமித் தொற்றுக்கு என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். வைத்தியம் வேறு பக்கம் போகிறது. என் பையில் பாட்டில் இருந்தது. அதில் எங்கள் யூனிட் பெயரும் முகவரியும் ஒட்டியிருந்தன. எடுத்துக் காட்டினால் அடுத்து என்ன கேட்பார்கள் என்பதும் தெரியும். டீச்சர் இன்னும் வந்து சேரவில்லை, கேட்டுக்கொள்ள ஆள் இல்லை.

"மேடம்" என்றேன். அவர் காதில் விழவில்லை. எனக்கே விழவில்லை. மறுபடி, சத்தமாக, "மேடம், வேப்பெண்ணெய் குடுத்திருக்கு" என்றேன். பாட்டிலை நீட்டினேன்.

டாக்டர் திரும்பினார். "எவ்வளவு?"

"ஒரு பாலாடை. பாதி துப்பினதா சொல்றாரு."

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

நான் சதீஷைப் பார்த்தேன். "ஒரு மணி நேரம் இருக்கும்" என்றான் அவன், இப்போது டாக்டரைப் பார்த்து.

"எங்க வாங்கினது இது?"

"நாங்க செய்யறதுதான் மேடம். செடிக்கு விக்கிறோம். நான்தான் வித்தேன்."

அவர் "வலிப்பு வரலாம், ரெடியா இருங்க" என்று நர்ஸிடம் சொல்லிவிட்டு எங்களை வெளியே போகச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஆட்கள் வேகமாக நடக்கும் சத்தம் கேட்டது. வலிப்பு வந்துவிட்டது என்றும், மருந்து கையில் தயாராக இருந்ததால் உடனே போட்டுவிட்டார்கள் என்றும் பிறகு சொன்னார்கள்.

ரேவதி நாவலூரிலிருந்து வந்தாள். ஓர் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. நீல யூனிஃபார்ம் கோட்டோடு வந்தாள். சதீஷின் முன்னால் நின்று, "நீயா குடுத்த?" என்று மட்டும் கேட்டாள். அவன் தலையாட்டினான். அவள் பெஞ்சின் மறு ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். அவனைத் திட்டவில்லை, அழவும் இல்லை. திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலாம்போல் இருந்திருக்கும்.

டீச்சர் வந்தார். நடந்ததைச் சொன்னேன். டாக்டரிடம் பாட்டிலைக் கொடுத்ததையும் சொன்னேன். "சரி" என்றார். உள்ளே போய்த் தன் பெயரையும் போன் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தார். பாட்டில் திரும்பி வந்திருந்தது. அதை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வெளிச்சத்துக்குப் பயந்து இந்த பாட்டில எடுத்தேன், ரத்தினம். எண்ணெய் கெடக் கூடாதுன்னு மட்டும்தான் பாத்தேன். இதக் கையில எடுக்குறவங்களுக்கு மருந்து ஞாபகம்தான வரும்?"

"எதுக்குன்னு கேட்டேன் டீச்சர். செடிக்குன்னாரு."

"நீங்க கேட்டீங்க. கேள்விக்குப் பொய் சொல்லிட்டுப் போக முடியும். சோப்பு கலந்துட்டா அதக் குடிக்கக் குடுக்க முடியாது. நுரையப் பாத்தாலே வெச்சிடுவாங்க. இனிமே கலக்காம வெளிய போக வேணாம்."

"கலந்தா அன்னிக்கே தெளிக்கணும் டீச்சர். பாதிப் பேரு வாங்க மாட்டாங்க."

"வாங்க வேணாம்."

அவ்வளவுதான் பேச்சு. நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் இது. மறுநாளே கொட்டகையில் இருந்த பாட்டில்களை எல்லாம் சாந்தி பெரிய கேனில் கவிழ்த்தாள். பேனரையும் டீச்சரே கழற்றி, டிரம்களுக்கு அடியில் விரித்துவிட்டார்.

நான் அந்த மறுநாள் கொட்டகைக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனேன். சதீஷ் அதே டீ-ஷர்ட்டில், அதே பெஞ்சில் இருந்தான். குழந்தை துப்பிய கறை காய்ந்து வேப்பெண்ணெய் வீச்சம் அடித்துக்கொண்டிருந்தது. இட்லி வாங்கிக் கொடுத்தேன். வாய் வரை கொண்டுபோய்த் திருப்பி வைத்துவிட்டான். "கையில நாத்தம் சார், சாப்புட முடியல" என்றான். ரேவதி உள்ளே இருந்தாள்.

மதியம் சிஸ்டர் வெளியே வந்தார். "பாப்பா கண்ணு முழிச்சிடுச்சு. பால் குடிச்சிட்டு ஒரே அழுக. அம்மா பாவம் களைச்சிட்டாங்க, அப்பா கொஞ்ச நேரம் வெச்சிக்குங்க. கைய நல்லா கழுவிட்டு வாங்க."

சதீஷ் வராந்தாக் கோடியில் இருந்த குழாய்க்குப் போனான். சோப்புப் போட்டுக் கழுவினான். மோந்து பார்த்தான். மறுபடி கழுவினான். முழங்கை வரை தேய்த்தான். மறுபடி மோந்து பார்த்தான். ரேவதி கதவுக்கு வெளியே வந்து நின்று பார்த்தாள். பிறகு அவனிடம் போனாள்.

"எவ்ளோ நேரம்தான் கழுவுவ?"

"நாத்தம் போவல ரேவதி. தூக்கினா மூஞ்சத் திருப்பிக்கும்."

ரேவதி குழாயை மூடினாள். அவன் கையை எடுத்து மோந்து பார்த்தாள். தன் யூனிஃபார்ம் கோட்டின் ஓரத்தால் இரண்டு கைகளையும் விரல் விரலாகத் துடைத்தாள்.

"போவலதான். வா. மூஞ்சத் திருப்பினா திருப்பட்டும்."

அவனை முன்னால் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். சிஸ்டர் கதவைச் சாத்தினார். குழந்தையின் அழுகை சாத்திய கதவைத் தாண்டி வராந்தாவின் கோடி வரை கேட்டது. நல்ல பலமான குரல்.